பிள்ளைக்கு முதல் கிதார்: வாங்குமுன் அளந்து பாருங்கள்

"எனக்கு ஒரு கிதார் வாங்கித் தாங்க" என்று பிள்ளை கேட்கும்போது பெற்றோர் மனத்தில் மூன்று கேள்விகள் எழுகின்றன. எவ்வளவு செலவாகும்? இந்த ஆசை நிலைக்குமா, நான்கு மாதத்தில் கருவி மூலைக்குப் போய்விடுமா? பாட்டும் வீணையும் புல்லாங்குழலும் நமக்கு இருக்க, இந்த மேல்நாட்டுக் கருவி எதற்கு?

மூன்றும் நியாயமான கேள்விகளே. தோட்டத்திலும் ஏலக்காட்டிலும் கடையிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கும் பொருள் அது. நான்கு மாதத்தில் பிள்ளை வாசிப்பதை நிறுத்திவிட்டால் பணம் போவதோடு முடிவதில்லை. "உனக்குச் சங்கீத ஞானம் இல்லை" என்ற தீர்ப்பும் அந்தப் பிள்ளையின் தலைமேல் விழுகிறது. அதன் பிறகு அது வேறு எந்தக் கருவியையும் தொடத் தயங்கும்.

பல வீடுகளில் பிள்ளை நிறுத்துவதற்குக் காரணம் ஞானக்குறைவு அல்ல, கிதாரின் அளவு பிள்ளையின் கைக்குப் பொருந்தாமைதான் என்பதே இக்கட்டுரையின் சாரம். பொருத்தத்தை அளந்து பார்க்க முடியும். அதற்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓர் அளவுகோலும் கால்மணி நேரப் பொறுமையும் போதும்.

நமக்கு அந்நியமான கருவியா?

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். சின்னக்கானலிலிருந்து போடிமெட்டு வழியாக இறங்கினால் போடிநாயக்கனூர். அதற்குத் தெற்கே, அதே மலையடிவாரத்தில் இருப்பது பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த ஊர். 1958-ஆம் ஆண்டு தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய அண்ணன் பாவலர் வரதராசனின் பாட்டுகள் இந்த மலைத் தோட்டங்களில் ஒலித்தன. அண்ணனின் ஆர்மோனியத்தில் தொடங்கிய தம்பி, பின்னர் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை பயின்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். அவருடைய பாடல்களில் கிதார் எவ்வளவு இயல்பாக நம் மெட்டுகளோடு கலந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகள் நமக்கே சொல்லித் தருவார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஆர். பிரசன்னா கிதாரிலேயே முழுக் கர்நாடகக் கச்சேரி செய்கிறார்.

இன்னொரு உறவும் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம் உலகெங்கும் கிதார் செய்வோர் விரும்பும் மரம். அமெரிக்காவில் 1833-இல் தொடங்கிய மார்ட்டின் கம்பெனி, பிரேசில் நாட்டு மரம் கிடைப்பது கடினமானதும் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. ஆகவே அயல்நாட்டில் செய்த ஒரு நல்ல கிதாரின் முதுகுப் பலகை நம் மலைப்பக்கத்து மரமாக இருந்தாலும் வியப்பில்லை.

பிள்ளை ஏன் நிறுத்துகிறது?

வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் கிதாரில் ஃப்ரெட். கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள் அவை. தந்தியை விரலால் அழுத்தி மெட்டின்மேல் படியவைக்க வேண்டும். தந்தி மெட்டுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அவ்வளவுக்கு அழுத்தும் பலமும் கூடுகிறது. இந்த உயரத்தைக் கடைக்காரர்கள் 'ஆக்ஷன்' என்பார்கள். நாம் தந்தி உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

உயரம் இரண்டு மடங்கானால் அழுத்தும் பலமும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பெரியவர்களுக்கு அது சிரமம். எட்டு வயதுப் பிள்ளைக்கு வேதனை. போதாததற்கு, உயரமான தந்தியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். ஆசிரியர் சொன்ன இடத்தில் சரியாக விரல் வைத்தும் ஒலி பிசகும். பிள்ளை தன் காதைச் சந்தேகிக்கும். வீட்டாரும் அப்படியே நினைப்பார்கள்.

முதல் மூன்று நான்கு வாரங்கள் விரல் நுனி எரிவது இயல்பு. தோல் தடித்ததும் அது போய்விடும். ஆனால் மணிக்கட்டும் முன்கையும் வலித்தால், தோள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டால், கிதார் பெரிதாக இருக்கிறது அல்லது தந்தி உயரமாக இருக்கிறது என்று பொருள். இந்த வலியைப் பழக்கத்தால் போக்க முயலக் கூடாது.

எந்த வகை?

கடையில் நான்கு வகைக் கிதார்கள் இருக்கலாம்.

முதலாவது, நைலான் தந்திக் கிதார். இதைக் கிளாசிக்கல் கிதார் என்பார்கள். கழுத்து அகலமானது, தலைப்பில் சுமார் 52 மில்லிமீட்டர் இருக்கும். தந்தி ஒவ்வொன்றும் சுமார் 5 முதல் 7 கிலோ இழுவிசையில் நிற்கிறது. மிருதுவானது, ஒலியும் அடக்கமானது. லயத்து வீடுகளில் ஒரே சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் உறங்கும்போது இது ஒரு வசதி. டிரினிட்டி போன்ற அமைப்புகளின் கிளாசிக்கல் கிதார் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் இதுதான் வேண்டும்.

இரண்டாவது, இரும்புத் தந்திக் கிதார். கடையில் அகூஸ்டிக் என்றாலே பெரும்பாலும் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். கழுத்து ஒடுக்கம், சுமார் 43 மில்லிமீட்டர். தந்திக்கு 10 முதல் 14 கிலோ இழுவிசை. கணீரென்ற ஒலி; சினிமாப் பாட்டுக்கும் தேவாலயப் பாடகர் குழுவுக்கும் ஏற்றது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இதை வாங்கலாம். அப்போதும் 'எக்ஸ்ட்ரா லைட்' எனப்படும் மெல்லிய தந்திகளைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது, எலக்ட்ரிக் கிதார். இதன் தந்திகள் மெல்லியவை, விரலுக்கு எளியவை. ஆனால் ஒலிபெருக்கியும் வயரும் சேர்த்து வாங்க வேண்டும். மின்சாரம் இல்லாத மாலையில் ஒலி எழும்பாது. முதல் கருவியாக வேண்டாம் என்பது என் கருத்து.

நான்காவது, ஹவாயன் கிதார். மடியில் படுக்கவைத்து, இரும்புத் துண்டைத் தந்திமேல் வழுக்கி வாசிப்பது. வங்காளத்தில் மிகவும் பிரபலம். இதில் வேண்டுமென்றே தந்தியை உயர்த்தி வைத்திருப்பார்கள். உறவினர் வீட்டிலிருந்து வரும் பழைய கிதார் சில நேரம் இந்த வகையாக இருக்கும். தெரியாமல் இதில் விரல் வைத்துப் பழகச் சொன்னால் எந்தப் பிள்ளையாலும் முடியாது.

ஓர் எச்சரிக்கை. நைலான் கிதாரில் இரும்புத் தந்தி போடாதீர்கள். ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கின்றன. இரும்புத் தந்திகள் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். நைலானுக்காகச் செய்த மெல்லிய பலகை அதைத் தாங்காது. பலகை உப்பும், கழுத்து வளையும், தந்தி கட்டியிருக்கும் குதிரை பெயர்ந்து வந்துவிடும்.

எந்த அளவு?

இன்றைய கிளாசிக்கல் கிதாரின் அளவை நிலைநிறுத்தியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ். தந்தியின் அதிரும் நீளம் 650 மில்லிமீட்டர். இது வளர்ந்தவர்களின் கைக்கு உரிய அளவு. பிள்ளைகளுக்காக முக்கால், அரை, கால் என்று சிறிய அளவுகள் வந்தன. இவை பெயர்கள் மட்டுமே. அரைக் கிதார் என்றால் நீளத்தில் பாதி என்று நினைக்க வேண்டாம். முக்கால் கிதாரின் தந்தி நீளம் சுமார் 580 மில்லிமீட்டர், அரைக் கிதாருக்குச் சுமார் 530.

இந்த வேறுபாடு பிள்ளையின் கையில் எப்படித் தெரியும்? மெட்டுகளின் இடைவெளி ஒரு கணக்குப்படி அமைகிறது. தந்தி நீளத்தை 17.817 என்ற எண்ணால் வகுத்தால் முதல் மெட்டு எங்கே என்று தெரியும். மிச்ச நீளத்தை அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. இப்படியே பன்னிரண்டு முறை செய்தால் சரியாகப் பாதி நீளத்தில் வந்து நிற்கும். அங்கே ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகிறது.

ஆரம்பப் பாடங்களில் ஆள்காட்டி விரல் முதல் மெட்டிலும் சுண்டுவிரல் நான்காவது மெட்டிலும் நிற்க வேண்டும். இவ்விரு மெட்டுகளுக்கும் இடையே உள்ள தூரம் முழுக் கிதாரில் 98 மில்லிமீட்டர், முக்கால் கிதாரில் 87, அரைக் கிதாரில் 80. பிள்ளையின் இடது கையை மேசைமேல் வைத்து விரல்களைச் சிரமமில்லாமல் விரிக்கச் சொல்லி, ஆள்காட்டி விரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே அளந்து பாருங்கள். எந்த அளவு பொருந்தும் என்பது அப்போதே ஓரளவு விளங்கும்.

உயரத்தை வைத்துச் சொல்வதானால்:

- 115 சென்டிமீட்டருக்குக் கீழ்: கால் கிதார். ஓரிரு ஆண்டு பொறுக்கலாம், அல்லது நான்கு தந்தி உகுலேலியில் தொடங்கலாம்.
- 115 முதல் 130 வரை: அரைக் கிதார்.
- 130 முதல் 150 வரை: முக்கால் கிதார்.
- 150-க்கு மேல்: முழுக் கிதார்.

"வளர்கிற பிள்ளைதானே, பெரிதாகவே வாங்கிவிடுவோம்" என்பது பள்ளிச் சீருடைக்குச் சரி. கிதாருக்குச் சரிப்படாது. பெரிய சட்டையின் கையை மடித்து விடலாம்; பெரிய கிதாரின் கழுத்தை மடிக்க முடியாது. அரை, முக்கால் கிதார்களைப் பயன்படுத்திய பின் தம்பி தங்கைக்கோ சங்கத்தில் இன்னொரு குடும்பத்துக்கோ கொடுக்கலாம்.

கிதாரை மடியில் வைத்தபின் பாருங்கள். பிள்ளையின் வலது தோள் மேலே தூக்காமல் கை தந்திமேல் வர வேண்டும். இடது கை நீளும்போது முழங்கை சற்று மடிந்தே இருக்க வேண்டும். கை முழுக்க நீண்டு விறைத்தால் கிதார் பெரிது. இடது கைப் பழக்கமுள்ள பிள்ளையானால், வாங்குமுன் சொல்லித்தரப் போகும் ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

ஆறு அங்குல எஃகு அளவுகோல் ஒன்றை எடுத்துப் போங்கள். பள்ளிப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் அளவுகோலில் பூஜ்யத்துக்கு முன் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அதை வைத்து இந்த அளவை எடுக்க முடியாது. எஃகு அளவுகோலில் பூஜ்யம் விளிம்பிலேயே தொடங்கும். முதலில் கடைக்காரரிடம் சரியாகச் சுருதி சேர்த்துத் தரச் சொல்லுங்கள். தளர்ந்த தந்தியை அளப்பதில் பயனில்லை.

1. பன்னிரண்டாவது மெட்டின் உச்சியில் அளவுகோலை நிறுத்தி, தந்தியின் அடிப்பக்கம் வரை அளக்கவும். நைலான் கிதாரில் தடித்த தந்திக்கு 4 மில்லிமீட்டர், மெல்லிய தந்திக்கு 3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். இரும்புத் தந்தியில் தடித்ததற்கு 2.5, மெல்லியதற்கு 2. இதற்குமேல் இருந்தால் இறக்கித் தரச் சொல்லுங்கள்.

2. ஒரு தந்தியை மூன்றாவது மெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் மெட்டின்மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு போதும். அதிகமாக இருந்தால் கழுத்தின் தலைப்பில் இருக்கும் வெள்ளைத் துண்டின் பள்ளங்கள் ஆழம் போதவில்லை. ஆரம்பப் பாடங்கள் எல்லாம் முதல் மூன்று மெட்டுகளில்தான் என்பதால் இது மிக முக்கியம்.

3. தடித்த தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி இருந்தால் கழுத்து சரி. அதைவிட அதிகமானால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. இரும்புத் தந்திக் கிதார்களில் கழுத்துக்குள் 'ட்ரஸ் ராடு' என்ற எஃகுத் தண்டு பெரும்பாலும் இருக்கும். அதைத் திருகிச் சரிசெய்யலாம். நைலான் கிதார்களில் பலவற்றுக்கு அது கிடையாது. ஆகவே வளைந்த கழுத்துள்ள நைலான் கிதாரை வாங்க வேண்டாம்.

4. ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி ஒருமுறை மீட்டச் சொல்லுங்கள். எங்காவது தகரம் அதிர்வதுபோல் இரைந்தால் அந்த மெட்டு உயரம் பிசகியிருக்கிறது.

5. பன்னிரண்டாவது மெட்டுக்கு நேர்மேலே தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டினால் மணி போன்ற ஒலி வரும. அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியாக இருக்க வேண்டும். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி இருந்தால் காது பழகாதவர்களும் இதைக் கண்டுகொள்ளலாம்.

6. கழுத்தின் ஓரத்தில் விரலை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். மெட்டுகளின் முனை கீறக் கூடாது.

7. சாவிகள் வழுக்காமல், பல் தட்டாமல் திரும்ப வேண்டும். குதிரையின் பின்விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. அந்தக் கிதார் வேண்டாம்.

தந்தியை இறக்கும் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் நடுவில் இருப்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் குதிரைமேல் உள்ள வெள்ளைத் துண்டின் அடியில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். நல்ல கடையில் இதைச் செய்து தருவார்கள். தேய்த்ததைத் திரும்பச் சேர்க்க முடியாது என்பதால் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டிய வேலை.

நம் மலையின் மழை

சமவெளியில் இருப்பவர்களைவிட நமக்குக் கூடுதலாக ஒரு கவலை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே மழையும் மூடுபனியும். சுவர் வியர்க்கும், துணி காயாது. கிதாரின் மரமும் அந்த ஈரத்தை உறிஞ்சும்.

தண்டவாளம் வெயிலில் நீள்வது எல்லோரும் அறிந்தது. 13 மீட்டர் தண்டவாளம் ஒன்று, வெப்பம் 30 டிகிரி ஏறினால் சுமார் 4.5 மில்லிமீட்டர் நீளும். மரத்தின் குணம் வேறு. வெப்பத்தால் அது நீள்வது அற்பம். ஈரத்தால் அகலத்தில் உப்புவதே அதிகம். கிதாரின் மேற்பலகை அகலமான இடத்தில் ஏறக்குறைய 370 மில்லிமீட்டர் இருக்கும். ஒரே மரத்தில் அறுத்த பலகையானால், வறண்ட இடத்திலிருந்து மழைக்கால மலைக்கு வரும்போது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல்கூட விரியப் பார்க்கும். சுற்றிலும் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் விரிய வழியில்லை, மேல்நோக்கி உப்பும். பலகை உப்பினால் குதிரை உயரும், குதிரை உயர்ந்தால் தந்தி உயரும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். மே மாதம் வாங்கும்போது சரியாக இருந்த தந்தி உயரம் ஜூலையில் ஏறியிருக்கலாம். பிள்ளை அழுத்த முடியாமல் திணறும். பெற்றோரோ "பள்ளிக்கூடம் திறந்ததும் அக்கறை போய்விட்டது" என்று எண்ணுவார்கள். ஆகவே மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் பன்னிரண்டாவது மெட்டில் அளந்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

இதனால்தான், "முழு மரப் பலகைதான் உயர்ந்தது, பிளை பலகை மட்டம்" என்ற பேச்சை முதல் கிதாருக்கு நான் ஏற்பதில்லை. முழு மரம் இனிமையாக ஒலிக்கும் என்பது உண்மை. பிளை பலகையில் மரத் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் ஒன்று விரிவதை மற்றொன்று தடுக்கிறது. நம் ஊர் ஈரத்துக்கு அது பணிந்து போகும். தேறிய பிறகு பிள்ளை முழு மரத்துக்குப் போகட்டும்.

பாதுகாப்புக்குச் சில வழிகள்: வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். அடுப்படிப் புகையும் ஜன்னல் வெயிலும் படக் கூடாது. பஞ்சு வைத்த பையில், சிலிகா ஜெல் பொட்டலங்கள் இரண்டு மூன்று போட்டு, தரையில் படாமல் வையுங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைக்கப் பழக்குங்கள். இரும்புத் தந்தி நம் மழையில் விரைவில் துருப்பிடிக்கும். கோடை விடுமுறைக்குத் தேனிப் பக்கம் சொந்த ஊருக்குப் போகும்போது கிதாரை வெயிலில் நிற்கும் ஜீப்புக்குள் விட்டுவிட வேண்டாம். பூட்டிய வண்டிக்குள் ஏறும் சூட்டில் பசை இளகிவிடும்.

எங்கே, எப்படி வாங்குவது?

எத்தனை ரூபாய் ஒதுக்கினாலும் அதில் பத்தில் இரண்டு பங்கைக் கிதாருக்குச் செலவிடாமல் தனியே வையுங்கள். பை, ஒரு செட் மாற்றுத் தந்தி, தந்தி உயரம் சரிசெய்யும் கூலி ஆகியவற்றுக்கு அது வேண்டும். பளபளக்கும் வண்ணமும் உள்ளே பொருத்திய மின்கருவியும் உள்ள கிதாரைவிட, சாதாரண நிறத்தில் தந்தி உயரம் சரியாக உள்ள கிதாரே பிள்ளைக்கு நல்லது.

பெயர்களில் கவனம் தேவை. நம் நாட்டில் கிதார் செய்யும் தொழிலுக்குக் கொல்கத்தா பெயர் பெற்றது. கிவ்சன், ஹோப்னர் என்பவை அங்கே செய்யப்படுபவை. அமெரிக்காவின் கிப்சன், ஜெர்மனியின் ஹோஃப்னர் ஆகியவற்றோடு இவற்றுக்குச் சம்பந்தமில்லை. உள்நாட்டுக் கிதார் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம், அயல்நாட்டுப் பெயர் போலிருக்கிறது என்று மயங்கவும் வேண்டாம். மேலே சொன்ன ஏழு சோதனைகளே இரண்டுக்கும் நீதிபதி. யமஹாவின் கிளாசிக்கல் மாதிரிகளில் சி 40 என்பது 650 மில்லிமீட்டர் முழு அளவு. சிஎஸ் 40 என்பது 580 மில்லிமீட்டர் முக்கால் அளவு. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். பெட்டியைப் பிரிக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடியமட்டும் கடைக்குப் பிள்ளையை அழைத்துப் போய் வாங்குங்கள். மதுரையிலும் கொச்சியிலும் இசைக்கருவிக் கடைகள் உண்டு. சென்னை அண்ணா சாலையில் 1842-இல் தொடங்கிய மரபுள்ள மியூசி மியூசிக்கல் இருக்கிறது. 2023 ஜூன் முதல் போடிநாயக்கனூர் வரை அகலப்பாதை ரயில் வந்துவிட்டதால், சென்னையிலிருந்து கொண்டுவருவதும் இப்போது எளிது. பயணத்தின்போது தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, கிதாரை மேல் படுக்கையில் வையுங்கள்; இருக்கைக்கு அடியில் பெட்டிகளோடு தள்ள வேண்டாம். தபாலில் வரவழைத்தால், வந்த அன்றே சோதனைகளைச் செய்து, சரியில்லை என்றால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ அனுப்பும் பழைய கிதாரை மறுக்க வேண்டியதில்லை. நன்றாகப் பழகிய கிதார் புதியதைவிட மேலாகவும் இருக்கலாம். கழுத்து வளைவு, குதிரையின் பசை, மெட்டுகளின் தேய்மானம் இம்மூன்றையும் முதலில் பாருங்கள். சரியாக இருந்தால் தந்தியை மட்டும் புதிதாக மாற்றுங்கள். அன்பாகக் கொடுத்தது அளவில் பெரிதாக இருந்தால், பிள்ளை வளரும்வரை பத்திரமாக வைத்திருந்து, இப்போதைக்குச் சிறியது ஒன்றை வாங்குங்கள். கொடுத்தவர்களிடம் காரணத்தைச் சொன்னால் வருந்த மாட்டார்கள்.

முதல் மூன்று மாதம்

நாள்தோறும் பதினைந்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு மற்ற நாட்களில் தொடாமல் இருந்தால் விரல் தோல் தடிக்காது, வலியும் விலகாது. ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்த பிறகே தொடங்க வேண்டும். தடித்த தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பது வரிசை. புதிய நைலான் தந்தி முதல் வாரம் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அடிக்கடி சுருதி இறங்கினால் கிதார் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

வீட்டில் பெரியவர்கள் வாசிக்கத் தெரியாவிட்டாலும் செய்யக் கூடியது ஒன்று உண்டு. பிள்ளை முகம் சுளித்தால், "கவனமாக வாசி" என்று சொல்லுமுன் "எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். விரல் நுனி என்றால் பொறுக்கச் சொல்லலாம். மணிக்கட்டு என்றால் அளவுகோலை எடுங்கள்.

மூன்று மாதம் கழித்தும் பிள்ளைக்கு நாட்டமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அப்போது அது பிள்ளையின் சொந்த முடிவாக இருக்கும். கருவியின் குறையால் வந்த முடிவாக இராது. நாட்டம் இருந்தால், அடுத்த பொங்கல் விழாவில் நம் சங்க மேடையில் அந்தப் பிள்ளையின் வாசிப்பைக் கேட்க நாமெல்லாம் காத்திருப்போம்.